பழைய பார் கேசட்டுகளில் ஸ்டீல் கிட்டார் ஏன் சுருதி விலகி ஒலிக்கிறது?

நவம்பர் 4, இரவு 10.40

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எண்பதுகளில் டெக்சாஸ் பார்களில் பதிவான கன்ட்ரி இசைக்குழுக்களின் கேசட்டுகள் சில கிடைத்தன. எல்லாவற்றிலும் பெடல் ஸ்டீல் கிட்டார் மட்டும் சுருதி சேராமல் நிற்கிறது. வாசித்தவர்களுக்குத் தேர்ச்சி போதவில்லையா, கருவியே அப்படித்தானா?"

இரண்டு காரணத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு பாரில் வெள்ளி, சனி இரவுகளில் பல ஆண்டுகள் ஸ்டீல் வாசித்தவன் நான். ஒன்பது மணிக்கு ஏறினால் ஒரு மணிக்கு இறங்குவோம். டூ-ஸ்டெப், வால்ட்ஸ், ஷஃபிள் என்று தளத்தில் ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. குழு கலைந்து நெடுங்காலம் ஆயிற்று. இந்தக் கோடையில் டிரம்ஸ் வாசித்தவர் வீடு மாற்றும்போது ஒரு பெட்டி நிறைய எங்கள் கேசட்டுகள் அகப்பட்டன. பாடகர் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளியிட ஆசைப்படுகிறார். என்னிடம் அவர் சொன்னது: "மற்றதெல்லாம் இருக்கட்டும். ஸ்டீலை மட்டும் நீ புதிதாக வாசித்துக் கொடுத்துவிடு."

ஆகவே இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நவம்பர் 5, காலை 6.15

கருவியை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம்.

மேசை போல நான்கு கால்களில் நிற்கும் கருவி. பத்துத் தந்திகள். வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. மெட்டு இருக்கவேண்டிய இடங்களில் கோடு மட்டும் வரைந்திருக்கும். இடக்கையில் கனமான எஃகு உருளை. அதைத் தந்திகள்மேல் நகர்த்துகிறோம். வலக்கையில் கட்டைவிரலுக்கு பிளாஸ்டிக் மீட்டி, இரண்டு விரல்களுக்கு உலோக மீட்டி. இடது காலடியில் பெடல்கள், இரு முழங்கால்களுக்கும் நெம்புகோல்கள், வலது காலடியில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெடல்.

ஈ-நைன்த் என்னும் சுருதி முறையில் நடுவில் உள்ள முக்கியமான தந்திகள் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று நிற்கும். முதல் பெடலை மிதித்தால் பஞ்சமம் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறும். இரண்டாம் பெடல் காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கு ஏற்றும். உருளை அசையாமல் ஒரே இடத்தில் நிற்க, ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தி மட்டும் உள்ளே வளைந்து வேறு சுரமாகிறது. கன்ட்ரி இசையில் நெஞ்சைப் பிடித்து இழுக்கிற அந்த ஒலி இங்கிருந்துதான் வருகிறது. வெப் பியர்ஸ் பாடி 1954-இல் பெருவெற்றி பெற்ற 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்து காட்டினார். அதைக் கேட்ட ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கருவிகளுக்கும் பெடல் பொருத்த ஓடினார்கள்.

இத்தனை அசையும் பாகங்கள் இருக்கும் கருவியில் சுருதி என்பது ஒருமுறை கூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிற காரியமாக இருக்க முடியாது.

நவம்பர் 5, இரவு 11.20

காந்தாரம் பற்றி ஒன்று. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

தம்புராவின் மந்தரத் தந்தி அடங்கும் நேரத்தில் தானாக மேலே எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டிருப்பீர்கள். பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம். ஓர் அரைச் சுரம் 100 சென்ட் என்ற கணக்கில் இது சிறியதுதான். ஆனால் நீண்டு நிற்கும் ஸ்டீல் ஒலியில் இந்த 14 சென்ட் நன்றாகவே தெரியும். பியானோவும் மெட்டு வைத்த கிட்டாரும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டிக்கொண்டவை. ஸ்டீல் வாசிப்பவர்களில் பலர் காந்தாரத்தைக் காதால் இறக்கி, தந்திகள் ஒன்றோடொன்று துடிப்பில்லாமல் சேருகிற இடத்தில் நிறுத்துவார்கள். ஜெஃப் நியூமன் என்ற ஆசிரியர் இதற்காகவே ஒரு சுருதி அட்டவணை தந்தார். எங்கள் தலைமுறையில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு.

தனியாகக் கேட்டால் ஸ்டீல் தேனாக இருக்கும். அருகில் பியானோ அதே காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டும் உரசும். கேட்பவர் காது பியானோவுக்குப் பழகியிருந்தால் பழி ஸ்டீல் மேல் விழும். கேள்விக்கு முதல் பதில் இது.

நவம்பர் 7, மாலை 5.50

கேசட்டுகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலானவை, மைக்குகளின் ஒலியெல்லாம் வந்து கலக்கும் மிக்சர் மேசையிலிருந்து நேரே எடுத்தவை. சிறிய பாரில் மிக்சருக்குள் என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். பாடகர்களின் மைக்குகள் போகும். சில இரவுகளில் பெரிய டிரம்மின் மைக்கும் போகும். கிட்டார், பேஸ், ஸ்டீல் எல்லாம் அவரவர் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேரே அறைக்குள் ஒலிக்கும்; அவற்றுக்கு மைக் தேவைப்படவில்லை. ஆகவே கேசட்டில் குரல் பெரிதாக முன்னால் நிற்கிறது. மற்றவை எல்லாம் குரல் மைக்குக்குள் தவறி விழுந்தவை.

எங்கள் கேசட்டுகளில் ஸ்டீல் தனி வாசிக்கும் இடம் வந்தாலே ஒலி சுருங்கிப் போகிறது. மற்ற இடங்களில் தெளிவாகக் கேட்கும் ஸ்டீல், அது பேசவேண்டிய நேரத்தில் கிணற்றுக்குள் போய்விடுகிறது. நீண்ட நேரம் கேட்டுப் பார்த்துத்தான் காரணம் புரிந்தது. பாடகர் பாடாத நேரத்தில் ஒலிக்காரர் குரல் மைக்கைக் குறைத்துவிடுவார், இரைச்சல் எழாமல் இருக்க. அது சரியான வேலைமுறை. அறையில் இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. கேசட்டில் மட்டும், ஸ்டீல் நுழைவதற்கு இருந்த ஒரே கதவு மூடிக்கொண்டது.

பழைய பார் பதிவை வைத்து ஒரு ஸ்டீல் கலைஞரை எடைபோடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். அவர் அன்றைக்கு வாசித்த மிகச் சிறந்த நான்கு வரிகள் அந்த நாடாவில் பாதிதான் இருக்கும்.

நவம்பர் 7, இரவு 9.05

விட்டுப்போனது: கேசட்டைக் கேட்பதற்கு முன், டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவியில்) நாடாவைப் படிக்கும் ஒலித்தலைக்கு அருகில் உள்ள சிறு திருகைச் சரிசெய்யுங்கள். பதிவு செய்த டெக்கின் தலையும் உங்கள் டெக்கின் தலையும் ஒரே கோணத்தில் இருக்காது. மெல்லிய திருப்புளியால் மயிரிழை திருப்பும்போதே சிம்பல் ஒலி மங்கலிலிருந்து வெளிச்சத்துக்கு வரும். வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குள் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் திண்டு உதிர்ந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும். நாடாவை வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் கணினியில் ஒலியைப் பளிச்சென்று ஆக்க முயல்வது வீண் வேலை.

நவம்பர் 10, காலை 7.30

வேகம். நான் சொல்ல வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு வால்ட்ஸ் பாட்டைக் கணினியில் அளந்தேன். மத்திய ஸ்தாயி ஏ சுரம் விநாடிக்கு 440 அலையில் இருக்கவேண்டும், 448 காட்டியது. பதிவு செய்த டெக் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் போடும்போது எல்லாமே உயரும். சரி, 440-க்கு இறக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இறக்கிக் கேட்டேன். பாடகரின் குரலில் ஏதோ இடறியது. அவர் குரலை இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். அவர் நெஞ்சின் கனம் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும்.

பிறகு பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட மௌனத்தைப் பார்த்தேன். அது மௌனமே இல்லை. மேடைக்குப் பின்சுவரில் பீர் விளம்பர நியான் குழாய் ஒன்று எப்போதும் எரியும். ஸ்டீல் கிட்டாரின் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள், அந்த மின் இரைச்சலை இழுத்து ஆம்ப்பில் உமிழும். அன்றைக்கெல்லாம் எனக்கு அது பெரிய எரிச்சல். இருக்கையைத் திருப்பித் திருப்பிப் போட்டு அதைக் குறைக்கப் பார்ப்பேன். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 அலை. ஆகவே இரைச்சல் 60, 120, 180, 240, 300 என்ற வரிசையில்தான் எழும். நாடாவில் 300 இருக்கவேண்டிய இடத்தில் 309 இருந்தது. அதாவது நாடா இப்போது 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதிக் கணக்கில் 51 சென்ட், அரைச் சுரத்தில் பாதி.

அந்த 3 சதவீதத்தைக் குறைத்தேன். ஏ சுரம் ஏறத்தாழ 435-க்கு வந்து நின்றது. பாடகரின் குரலும் தன் இடத்தில் உட்கார்ந்தது.

அப்படியானால் நாங்கள் அன்று 440-க்கும் கீழே 20 சென்ட் தாழ்த்தி வாசித்திருக்கிறோம். ஏன்? பேஸ் வாசித்தவரைத் தொலைபேசியில் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "மூலையில் இருந்த பியானோ," என்றார். அந்தப் பாரில் நிமிர்ந்த வகைப் பழைய பியானோ ஒன்று இருந்தது. சுருதி கூட்ட யாரும் வருவதில்லை. மொத்தமாக இறங்கிக் கிடந்தது. சில இரவுகளில் விருந்தினர் யாராவது ஏறி வாசிப்பார்கள் என்பதால் நாங்கள் எல்லோரும் அதற்கு இறங்கிச் சுருதி சேர்த்துக்கொள்வோம்.

440-க்கு இறக்கியிருந்தால் குழுவின் உண்மையான ஒலி எப்போதும் கிடைத்திருக்காது.

நவம்பர் 10, பகல் 1.15

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது உங்கள் டெக்கும் தன் பங்குக்கு மின் இரைச்சல் சேர்க்கும். அது சரியாக 60-இல் நிற்கும், நாடாவில் இருப்பது விலகி நிற்கும். கணினி ஒலியைப் பிரித்துக் காட்டும் படத்தில் இரண்டு கோடுகள் அருகருகே தெரியும். விலகி நிற்பதைத்தான் எடுக்கவேண்டும். பேட்டரியில் ஓடும் கருவியில் மாற்றினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். 60-ஐ அளப்பதைவிட 300-ஐ அளப்பது எளிது. விலகல் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்.

நவம்பர் 13, இரவு 10.00

கோட்டுவாத்தியம் இதற்கு உறவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாசிக்கும் விதத்தில் நெருங்கிய உறவு: மெட்டில்லாத தண்டு, தந்திமேல் வழுக்கும் கட்டை, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட வெளி முழுவதும் வாசிப்பவர் கையில். சித்திரவீணை என்றும் பெயர்பெற்ற அதன் 21 தந்திகளில் துணைத் தந்திகள் தாமாக அதிர்ந்து நிறைக்கும் இடத்தை, இங்கே ஒலிப் பெடலும் ஆம்ப்பும் நிறைக்கின்றன. அமெரிக்காவில் இது ஹவாயிலிருந்து வந்தது. ஜோசப் கெகுகு என்ற இளைஞர் 1889 வாக்கில் எஃகுத் துண்டைத் தந்திமேல் வைத்து வாசிக்கும் முறையை வளர்த்தார் என்பது ஹவாயில் நிலைத்த வரலாறு. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சியில் ஹவாய் இசை அமெரிக்க நகரங்களைப் பிடித்துக்கொண்டது. டெக்சாஸைச் சேர்ந்த மில்டன் பிரவுன் குழுவில் 1935-இல் பாப் டன் மின்சார ஸ்டீலைப் பதிவு செய்துவிட்டார். எங்கள் பாருக்கு அது வந்து சேர்ந்த வழி இது.

கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்டீல் எளிதில் பிடிக்கும் என்பது என் அனுபவம். ஆனால் ஸ்டீலின் அழகு ஒற்றைச் சுரத்தை அசைப்பதில் இல்லை. ஒரு தந்தி ஏறும்போது பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்பதில்தான் அதன் அழகு.

நவம்பர் 16, காலை 8.45

கணினியால் ஸ்டீலைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாதா என்று பலர் கேட்கிறீர்கள். டீசர் நிறுவனம் 2019-இல் ஸ்ப்ளீட்டர் என்ற இலவச மென்பொருளைத் தந்ததிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரிப்பது வீட்டிலேயே நடக்கிற காரியமாகிவிட்டது. முயன்றேன். ஸ்டீலும் ஃபிடிலும் கிட்டாரும் 'மற்றவை' என்ற ஒரே குவியலில் விழுந்தன. அதிலும் ஸ்டீலின் உச்ச சுரங்கள் சில, பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலோடு ஒட்டிக்கொண்டு குரல் பக்கம் போய்விட்டன. மென்பொருளுக்கு ஸ்டீல் குரலாகக் கேட்டிருக்கிறது. அதைக் குறை சொல்லமாட்டேன்.

பார் கேசட்டுகளில் புதிதாக ஸ்டீல் சேர்ப்பது நடக்காது. பழைய ஸ்டீல் எல்லா மைக்கிலும் இருக்கிறது. மேலே புதிது வாசித்தால் இரண்டு ஸ்டீல் கேட்கும்.

நவம்பர் 16, இரவு 11.30

ஆனால் பெட்டியில் வேறு வகைக் கேசட்டு ஒன்றும் இருந்தது. பாடகரின் வண்டிக் கொட்டகையில் நான்கு தடப் பதிவுப் பெட்டியில் நாங்கள் செய்த மாதிரிப் பதிவு. டாஸ்காம் 1979-இல் கொண்டுவந்த வகை அது: சாதாரணக் கேசட்டுதான், ஆனால் இரட்டை வேகம், இரண்டு பக்கங்களுக்கும் உரிய நாடாவின் முழு அகலத்திலும் ஒரே திசையில் நான்கு தடங்கள். பேஸ் வாசித்தவர் அதைத் தன் காரில் போட்டுக் கேட்டிருக்கிறார். பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே, பூதம் உறுமுவது போல. திருப்பிப் போட்டால் மீதி இரண்டு தடங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. கெட்டுப்போய்விட்டது என்று தூக்கி எறியவிருந்தவரிடமிருந்து டிரம்மர் பிடுங்கி வைத்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்துத் தீர்த்தோம்.

அதில் நான்காம் தடத்தில் ஸ்டீல் தனியாக இருக்கிறது. ஆகவே பாடகர் கேட்டதை இங்கே செய்ய முடியும். நாளை உட்காரப் போகிறேன்.

நவம்பர் 18, காலை 5.40

வாசித்தேன். எழுதாமல் தூங்க முடியவில்லை.

எடுத்துக்கொண்டது ஜி சுருதியில் ஒரு மெதுவான வால்ட்ஸ். ஸ்டீலில் ஜி என்ற சேர்க்கை பெடல் இல்லாமல் மூன்றாம் கோட்டில் கிடைக்கும். முதலிரண்டு பெடல்களையும் மிதித்தால் பத்தாம் கோட்டில் கிடைக்கும். பல்லவியின் உச்சம் பத்தாம் கோட்டில் நடக்கிறது. பழைய ஸ்டீல் தடத்தை அணைத்துவிட்டு, குரல், கிட்டார், பேஸ் மட்டும் கேட்டுப் புதிதாக வாசித்தேன். இன்று என்னிடம் இருக்கும் கருவி அன்று இருந்ததைவிட உறுதியானது. கையும் நிதானப்பட்டிருக்கிறது. உருளை கோட்டின்மேல் அட்டியில்லாமல் நின்றது. ஒவ்வொரு வரியும் சுத்தமாக வந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது பாடகர் சுருதி தாழ்ந்து பாடுகிறார்.

பழைய தடத்தைத் திறந்தேன். அதே குரல், அதே நாடா. பாடகர் தாழவில்லை. ஸ்டீல்தான் லேசாகச் சோர்ந்து, ஆனால் அழகாக, அவரோடு நிற்கிறது.

அளந்து பார்த்தேன். பல்லவியின் உச்ச சுரத்தில் குரல் ஏறத்தாழ 20 சென்ட் தாழ்வு. அவர் எப்போதும் அந்த இடத்துக்குக் கீழிருந்து ஏறித்தான் வருவார். சில இரவுகளில் முழுக்கத் தொடமாட்டார். பழைய ஸ்டீல் 15 சென்ட் தாழ்வு. பத்தாம் கோட்டருகே ஓர் அரைச் சுரம் என்பது 19 மில்லிமீட்டர். 15 சென்ட் என்றால் மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அன்று அங்கே உட்கார்ந்திருந்த இளைஞன் உருளையைக் கோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் பின்னால் பிடித்திருக்கிறான். அந்த வரி முடிந்து குரல் மூச்சு வாங்கப் போனதும் அதே உருளை கோட்டுக்கு முன்னேறி, பேஸோடு சரியாகச் சேர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு பல்லவியிலும் இப்படியே. கை நழுவியிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நழுவாது.

அவன் பாடகரைத் தாங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வார இறுதிதோறும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் வந்தது.

ஆகவே முதல் நாள் கேட்ட கேள்விக்கு என் பதில் இப்போது இன்னும் தெளிவாக இருக்கிறது. ஸ்டீல் சுருதி விலகி இருப்பதாகத் தோன்றும்போது, எதிலிருந்து விலகியிருக்கிறது என்று பாருங்கள். பியானோவிலிருந்தா, குரலிலிருந்தா, பேஸிலிருந்தா? மெட்டு உள்ள கருவிக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஸ்டீலுக்கு ஒவ்வொரு சுரத்திலும் உண்டு. நல்ல பார் கலைஞன் பெரும்பாலும் குரலைத் தேர்ந்தெடுப்பான். வெறும் அளவுகோல் அதைத் தவறு என்று காட்டும்.

நவம்பர் 18, இரவு 9.20

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லா விலகலையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது என்பதையும் சேர்க்கவேண்டும்.

பெடல் மிதிக்கும்போது தந்தி இழுக்கும் விசை கருவியின் மர உடலை லேசாக வளைக்கும். அதனால் மிதிபடாத தந்திகளும் சில சென்ட் இறங்கும். ஒவ்வொரு கருவியிலும் இது ஒவ்வோர் அளவு. அன்று நான் வைத்திருந்த கருவியில் அதிகம். இரண்டு பெடலும் அழுந்தும் சேர்க்கைகளில் அடிக்குரல் தந்தி கசந்து ஒலிப்பது கேசட்டுகளில் தெளிவாக இருக்கிறது. அது இசை முடிவு ஒன்றும் இல்லை, மரமும் விசையும். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியத் தண்டு விரியும். இடைவேளையில் குளிர்சாதனக் காற்று நேரே அடிக்கும். மூன்றாம் சுற்றுக்கு ஏறும்போது கூட்டி வைத்த சுருதி அங்கே இருக்காது. இவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பல்லவியின் அந்த 15 சென்ட் மிஞ்சுகிறது. காரணம் எளிது: அதே கருவி, அதே பெடல், அதே கோடு, குரல் நின்றதும் சரியாகிறது.

நவம்பர் 20, மாலை 6.30

எதைக் கேட்டுத் தொடங்கலாம் என்று கேட்டவருக்கு: பக் ஓவன்ஸின் 'டுகெதர் அகெய்ன்', 1964. தனி வாசித்தவர் டாம் பிரம்லி. தந்திகள் வளையும் ஒவ்வோர் இடத்திலும் எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். பிறகு ரால்ஃப் மூனி வாசித்த எதையும். பிறகு பட்டி எம்மன்ஸ். அவரைக் கடைசியில் வைக்கக் காரணம், அவரை முதலில் கேட்டால் மற்ற எவரையும் கேட்கத் தோன்றாது. ஷோ-பட் கருவிகளைத் தொடங்கிய இருவரில் அவர் ஒருவர். பிறகு தன் பெயரிலேயே வேறு கருவி செய்தார். இன்று நாங்கள் வாசிக்கும் ஈ-நைன்த் அமைப்பில் அவர் கை பட்ட இடங்கள் பல. 2015-இல் காலமானார்.

நவம்பர் 23, இரவு 10.50

ஒரு கேசட்டில், வேகமான ஷஃபிள் ஒன்றின் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம். மூன்றாம் தந்தி அறுந்திருக்கிறது. பத்திலும் மெல்லிய தந்தி அதுதான், அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு தடிமன். இரண்டாம் பெடல் அதைத்தான் இழுக்கும். எல்லா ஸ்டீல் வாசிப்பவர்களும் பையில் அதைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். அறுந்த கணத்திலிருந்து பாட்டின் கடைசி வரை ஸ்டீல் ஒரு ஸ்தாயி கீழே, ஆறாம் தந்தியில் போகிறது. அதே சுரம், அதே பெடல் அதையும் இழுக்கும். ஒரு தாளம்கூட விழவில்லை. எங்களில் நால்வர் தொலைபேசி வழியாகச் சேர்ந்து கேட்டோம். ஃபிடில் வாசித்தவர்தான் முதலில் கவனித்தார். ஸ்டீல் இறங்கிய மறு வரியிலேயே தன் ஃபிடில் மேல் ஸ்தாயிக்கு ஏறி, அங்கே விழுந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கிறது என்று காட்டினார். எனக்கு அது இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது.

நவம்பர் 26, காலை 9.10

பாடகரிடம் இரண்டு வடிவத்தையும் அனுப்பினேன். எது எது என்று குறிக்கவில்லை. மாலையில் அழைத்தார். புதியதைப் பற்றி, "இதில் நான் சரியாகப் பாடவில்லை, இதை விட்டுவிடலாம்" என்றார். இரண்டிலும் ஒரே குரல்தான் என்று சொன்னபோது நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு பழையதே இருக்கட்டும் என்றார். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றும் கேட்டார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அடுத்த இரவு அந்த இடத்தில் பயந்து பாடியிருப்பார்.

ஸ்டீலைப் புதிதாக வாசிக்கும் பேச்சு இதோடு முடிந்தது. வேகத்தை மின் இரைச்சலுக்கு ஏற்பச் சரிசெய்வோம். தனி வாசிக்கும் இடங்களில் சுருங்கும் ஒலியைக் கொஞ்சம் உயர்த்துவோம்; அப்போது பாரின் பேச்சொலியும் கண்ணாடிக் குவளைச் சத்தமும் சேர்ந்துதான் உயரும். பரவாயில்லை. அந்த மக்களுக்காகத்தான் வாசித்தோம்.

நவம்பர் 29, மாலை 7.00

மீதமுள்ள கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பிறர் பாட்டுகளை வெளியிட அனுமதி வேண்டாமா என்று கேட்டவருக்கு: வேண்டும். ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபடி பாடி வெளியிட அமெரிக்கச் சட்டத்தில் கட்டாய உரிமம் என்ற வழி இருக்கிறது. விதித்த கட்டணத்தைப் பாட்டாசிரியர் தரப்புக்குக் கட்டவேண்டும். டிரம்மர் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒலிப் பெடலின் கரகரப்பை நீக்குவீர்களா என்று கேட்டவருக்கு: அந்தப் பெடலுக்குள் ஒரு சுழல் மின்தடை இருக்கிறது. இரவு முழுவதும் கால் அதை ஆட்டிக்கொண்டே இருப்பதால் தேய்ந்து கரகரக்கும். மெதுவான பாட்டு ஒன்றில் அது குரலின் முதல் சொல்மேலேயே விழுகிறது, அங்கே நீக்கிவிட்டேன். மற்ற இடங்களில் நீக்கப் போனால் மீட்டும் விரலின் தொடக்க ஒலியும் சேர்ந்து போகிறது. அவற்றை விட்டுவிட்டேன்.

முதல் பாட்டு எது என்பது இன்னும் முடிவாகவில்லை. டிரம்மர் தந்தி அறுந்த ஷஃபிளைக் கேட்கிறார். நான் ஜி சுருதி வால்ட்ஸைக் கேட்கிறேன். ஃபிடில்காரர் இரண்டும் வேண்டாம், தன் தனி வாசிப்பு உள்ள மூன்றாவது ஒன்றைப் போடுங்கள் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுகிறோம்.